நாய் வாங்கும் வீட்டுக்கு ஆறு குறிப்புகள்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

இக்கடிதத்தில் உள்ளவை:

1. நாயின் இனம்
2. அதன் எடை
3. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் இடம்
4. தூங்கும் நாயும் குழந்தையும்
5. உறுமல்
6. இரண்டையும் தனியே விடக் கூடாது

நலம் விசாரிக்காமல் பட்டியலோடு தொடங்குகிறாரே என்று நினைக்காதே. பட்டியலைக் கடைசியில் வைத்தால் நீ அதுவரை படிக்க மாட்டாய் என்பது உன் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் என் இடது முழங்காலும். முழங்கால் அவ்வளவு நலமில்லை. என் பேத்தி குண்டூசிக்குச் சளி விட்டதா? போனில் கேட்டிருக்கலாம்தான். என் காதுக் கருவி போனருகே போனால் கீச்சிடுகிறது; அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.

மாப்பிள்ளை வாரத்தில் நான்கு நாள் குளிர்சாதன லாரியோடு வெளியூர் போய்விடுகிறார், வீட்டுக்குத் துணையாக நாய் வேண்டும் என்கிறார். நியாயம்தான். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீடு. முப்பத்தொரு ஆண்டு லிப்ட் பரிசோதகனாக இருந்தவனுக்கு எதையும் குறிப்பு குறிப்பாகத்தான் யோசிக்க வருகிறது.

1. இதுவே தலையாயது. தனித்தாளில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். முதல் பத்தியில் காவலுக்கும் சண்டைக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள். இரண்டாவதில் சாதுவானவை. முதல் பத்தியிலிருந்து எதையும் வீட்டுக்குள் விடாதே. ராட்வைலரைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன். காரணம் உன் கன்னத்துத் தழும்பிலேயே இருக்கிறது. முதல் குறிப்பு சரியாக அமைந்தால் மற்ற ஐந்தும் பெரும்பாலும் தாமே சரியாகிவிடும்.

2. இருபது கிலோவுக்கு மேல் வேண்டாம். சும்மா விளையாட்டாக மோதினாலே குழந்தை விழும்.

3. குழந்தை நடமாடும் வழியில் தட்டு வைக்கக் கூடாது.

4. தூங்கும் நாயைக் குழந்தை தொடக் கூடாது.

5. உறுமினால் அடிக்கக் கூடாது.

6. தனியே விடக் கூடாது.

தவறாக ஏதும் எழுதியிருந்தால் திருத்திக்கொள்.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி விட்டது. சத்தம்தான் விடவில்லை. உங்கள் பேத்தி இப்போது கதவு, சுவர், செருப்பு எல்லாவற்றையும் கூப்பிட்டுப் பேசுகிறாள். உங்கள் முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது பாட்டிலை அலமாரியில் வரிசையாக வைத்து அழகு பார்க்கிறீர்களா?

அப்பா, உங்கள் கடிதம் வந்த அன்றே நாயும் வந்துவிட்டது. இவரோடு லாரி ஓட்டும் ஒருவர் வேறு நாட்டுக்குக் குடிபோகிறார், அவருடைய லாப்ரடார். மூன்று வயது. வெள்ளை. பஞ்சு என்று பெயர் வைத்தோம். நடுக்கத்தோடு உங்கள் அட்டவணையைப் பிரித்தேன். இரண்டாவது பத்தியில் முதல் பெயரே லாப்ரடார்! அப்பாடா என்றிருந்தது. எடை முப்பத்திரண்டு கிலோ. அது மட்டும் இடிக்கிறது, ஆனால் முதல் குறிப்பு சரியானால் மற்றவை தாமே சரியாகும் என்று நீங்களே எழுதிவிட்டீர்களே.

இவர் பட்டியலைப் படித்துவிட்டு, "லிப்டுக்குக் குடுக்கிற மாதிரி நாய்க்கும் ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போகச் சொல்லு மாமாவை. 'ஆறு பேர் மட்டும் ஏறலாம்'னு கழுத்துல மாட்டிடலாம்" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் பேச்சே அப்படித்தான்.

ஒரு கேள்வி. முதல் குறிப்புக்கு இத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். ஆறாவதற்கு மூன்றே சொல். ஏன்? சின்ன வயதில் என்னைக் கடித்த நம் நாய் மேஸ்திரியைப் பற்றி அது ராட்வைலர் என்பது தவிர எனக்கு ஒன்றுமே தெரியாது. அன்றைக்கு என்னதான் நடந்தது?

உங்கள் மகள்


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

தைலம் தேய்க்கிறேன். பாட்டிலும் வரிசையில்தான் இருக்கிறது.

லாப்ரடார் என்பதில் எனக்கும் நிம்மதி. ஆயினும் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் எழுது: தட்டு எங்கே வைக்கிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை வேளை? அது எங்கே தூங்குகிறது? குழந்தை அதன் எந்த உறுப்பைப் பிடித்து இழுக்கிறாள்? நீ மெஷினில் உட்கார்ந்து தைக்கும்போது இருவரும் எங்கே? உன் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள வாசலின் அகலம் எவ்வளவு? (சென்டிமீட்டரில். கண்ணளவு வேண்டாம்.)

மாப்பிள்ளை சொன்னதில் ஒரு திருத்தம். லிப்டுக்குள் எழுதியிருப்பது ஆள் கணக்கு மட்டுமல்ல, எடையும் உண்டு. நான் கோபித்துக்கொள்ளவில்லை.

குழந்தைக்கு முத்தம்.

அப்பா


மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமென்று நம்புகிறேன், ஏனென்றால் நலமில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை, பதிலாக ஆறு கேள்விகள். சரி, இந்தாருங்கள்.

தட்டு, கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போகும் நடையில். வேறு இடம் இல்லை. இரண்டு வேளை. தூங்குவது சோபாவுக்கு அடியில், தலை மட்டும். மற்றது வெளியே. இழுப்பது காது. அதிலும் வலது காது. நான் தைக்கும்போது இருவரும் கூடத்தில். வாசல் எண்பத்தொரு சென்டிமீட்டர். துணி அளக்கும் டேப்பால் அளந்தேன், கண்ணால் அல்ல.

இன்னொரு சேதி. போன வாரம் பஞ்சு சாப்பிடும்போது குண்டூசி போய்க் காதைப் பிடித்தாள். அது உறுமியது. இவர் வீட்டில் இருந்தார், செய்தித்தாளைச் சுருட்டி மூக்கிலேயே இரண்டு போட்டார். "புள்ளயப் பாத்தா உறுமுவியா? சோறு போடுறது யாரு?" என்று ஒரே சத்தம். உங்கள் ஐந்தாவது குறிப்பை எடுத்துக் காட்டினேன். "அதெல்லாம் முதல் பத்தி நாய்க்குடி" என்றார். மறுநாளும் உறுமியது, மறுநாளும் வாங்கியது. அதன் பிறகு உறுமவே இல்லை, அப்பா. தட்டில் அவள் கை விட்டாலும் அப்படியே அசையாமல் நிற்கிறது. திருந்திவிட்டது.

மகள்


மார்ச் 29

மகளுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

அடிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். நான் கெஞ்சிக் கேட்பதாகச் சொல். அசையாமல் நிற்பது திருந்தியதன் அடையாளம் அல்ல. தட்டை வேறு இடத்துக்கு மாற்று. இடமில்லை என்றால் குளியலறையில் வை.

நான் புறப்பட்டு வரலாம் என்று நினைத்தேன். பிறகு, வந்து என்ன செய்வேன் என்று தோன்றியது. நாளைக்கு விவரமாக இன்னொரு கடிதம் எழுதுகிறேன்.

அப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

"நாளைக்கு" என்று எழுதி ஒரு மாதமாகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், தினமும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள், எழுதியதைக் கிழிக்கிறீர்கள் என்றார். எனக்கு எழுதுவதையா கிழிக்கிறீர்கள்?

இங்கே ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலை ஆர்டர் வந்திருக்கிறது. அறுபத்துநான்கு ஜன்னல். கெட்டித் துணி, இரட்டை மடிப்பு. காலையிலிருந்து மெஷின் ஓடுகிறது, காதுக்குள் வேறெதுவும் விழுவதில்லை. நல்லவேளை பஞ்சு இருக்கிறது. குண்டூசி அதன் மேல் சாய்ந்துகொண்டு படப்புத்தகம் புரட்டுகிறாள். சம்பளம் வாங்காத ஆயா. பக்கத்து வீட்டு அக்காகூட, "என்ன தைரியத்துல புள்ளய இவ்ளோ பெரிய நாய்கிட்ட விட்டுட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டாள். "எங்கப்பா குடுத்த அட்டவணை" என்றேன். பொய்யில்லை. அந்தத் தாளை மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

பஞ்சு இரண்டு நாளாகத் தலையைத் தலையை உதறுகிறது. ஈ தொல்லை போலிருக்கிறது.

மகள்


மே 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் நலம்.

பார்சலில் ஒரு மரத் தடுப்பு வரும். தச்சரிடம் சொல்லி எண்பத்தொரு சென்டிமீட்டருக்குச் செய்தது. குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி. அதை வாசலில் பொருத்து. மெஷின் ஓடும்போதெல்லாம் நாய் ஒரு பக்கம், குழந்தை உன் பக்கம்.

மெஷினுக்கு மேலே ஒட்டிய தாளை எடுத்துவிடு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்பா


மே 21

அப்பாவுக்கு,

குண்டூசி நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் காலை பஞ்சு அவளைக் கடித்தது. முன்கையில். இரண்டு பல் இறங்கியிருக்கிறது, மற்றது கன்றியிருக்கிறது. உறுமவில்லை. குரைக்கவில்லை. நான் நாற்பத்தோராவது ஜன்னலில் இருந்தேன். மெஷினை நிறுத்தி நூல் மாற்றும்போதுதான் அவள் அழுகை கேட்டது. எவ்வளவு நேரமாக அழுதாளோ தெரியாது. பஞ்சு நடையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. தட்டு கவிழ்ந்து கிடந்தது. உங்கள் தடுப்பு பிரிக்காமல் மெஷினுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், இன்னும் மூன்று பாக்கி. டாக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "நாய் என்ன இனம்?" லாப்ரடார் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்றார். "பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இவர் வழியில் இருக்கிறார், போனில் கத்துகிறார். "நான் வந்ததும் அதுக்கு ஒரு ஊசியப் போட்டு முடிச்சிடுறேன். புள்ள மேல பல்லு வச்சது இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்கிறார். இந்த முறை தொலைதூர லோடு, மாதக் கடைசியில்தான் வருகிறார். அதற்குள் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும். பஞ்சு பின்கட்டில் கட்டிக் கிடக்கிறது. குண்டூசி கட்டுப்போட்ட கையை நீட்டி அதைக் கூப்பிடுகிறாள்.

நீங்கள் சாது என்று எழுதிய நாய் இது. மேஸ்திரி என்ன செய்தது, அப்பா? இனி கேட்க மாட்டேன்.


மே 26

மகளுக்கு,

இக்கடிதத்துக்குப் பட்டியல் போடவில்லை. போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

மேஸ்திரி ராட்வைலர் அல்ல. அது என்ன இனம் என்று யாருக்கும் தெரியாது. நான் பரிசோதனைக்குப் போன ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் பிறந்த குட்டி. காவலாளி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குள் யார் என்ன வேலை செய்தாலும் பின்னாலேயே வந்து நின்று மேற்பார்வை பார்க்கும், அதனால் உன் அம்மா அந்தப் பெயர் வைத்தாள். பதினாறு கிலோதான் இருக்கும். உன்னைக் கடிக்கும்வரை யாரையும் கடித்ததில்லை.

உனக்கு இரண்டு வயது. கடிப்பதற்கு மூன்று வாரம் முன்பு எலும்பு தின்னும்போது நீ கிட்டப் போக, அது உறுமியது. நான் அலுவலகத் தாள்களைச் சுருட்டி அடித்தேன். நாலைந்து நாளில் உறுமலை விட்டது. உன் அம்மாவிடம், "பார்த்தாயா, எப்படிப் பழக்கினேன்" என்றேன். மாப்பிள்ளையை நான் குறை சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

அன்று உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். "புள்ளயப் பாத்துக்கோங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் மேசையில் ஒரு லிப்டின் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு படி. தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து, ஓரம் சேர்த்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டே எழுத வேண்டும். எழுந்தால் கார்பன் நகரும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நீ கீக் கீக் என்று சத்தமிடும் ஷூ போட்டிருந்தாய். நடக்கத் தொடங்கியபோது நான்தான் வாங்கித் தந்தேன், நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டே இருப்பதற்காக. அந்தச் சத்தம் என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து கிளம்பி, கூடத்தைக் கடந்து, பின்பக்கம் போவதைக் கேட்டேன். பின்பக்கம் மேஸ்திரி எலும்போடு இருப்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு வரியை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். வரியை முடித்தேன். கார்பன் நகரவில்லை.

மருத்துவமனைப் படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த வாரம் ஏதோ பத்திரிகையில் ராட்வைலர் படம் பார்த்திருந்தேன். "ராட்வைலர் கலப்பு" என்று எழுதினேன். கட்டத்தைக் காலியாக விட எனக்குக் கை வராது. அடுத்த கட்டம், உடனிருந்த பெரியவர். "தந்தை, அருகில்" என்று எழுதினேன். இரண்டு பொய், இரண்டும் நல்ல கையெழுத்தில். மூன்றாம் நாள் நாய் பிடிக்கும் வண்டி வந்து மேஸ்திரியைக் கொண்டுபோனது. நான் கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு தானே ஏறியது.

பிறகு அந்த இனத்தைப் பற்றி நிறையப் படித்தேன். பொய்யை அட்டவணையாக மாற்றினேன். அதைத்தான் உனக்கு அனுப்பினேன். நீ அதை நம்பி மெஷினுக்கு மேலே ஒட்டினாய் என்று எழுதியபோதே இதை எழுதியிருக்க வேண்டும். ஏழு கடிதம் கிழித்தேன். எட்டாவதற்குப் பதில் ஒரு மரத் தடுப்பை அனுப்பினேன்.

இனி நீ செய்ய வேண்டியது: முடிவெடுக்கும் முன் பஞ்சுவை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டு. தலையை உதறுகிறது என்றாய். குழந்தை இழுப்பது வலது காது என்றாய். அதைப் பார்க்கச் சொல். அதன் பிறகும் அந்த நாயைக் குழந்தையிடமிருந்து பிரித்து வைக்க உன்னால் தினமும் முடியாது என்றால், குழந்தை இல்லாத நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிடு. அதில் வெட்கம் இல்லை.

அப்பா


ஜூலை 2

அப்பாவுக்கு,

ஐந்து வாரம் பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

கால்நடை மருத்துவர் பஞ்சுவின் வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே பெரிய புண். "ரெண்டு மூணு மாசமா வலிச்சிருக்கும்மா. அது சொல்லியிருக்குமே, உங்க யாருக்கும் கேக்கலையா?" என்றார். இவர் கூட இருந்தார். அன்றைக்கே தடுப்பைப் பிரித்து வாசலில் அவரே பொருத்தினார். அளவு சரியாக இருந்தது. தட்டு பின்கட்டுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் பார்ப்போம், முடியாவிட்டால் இவருடைய அக்கா வீட்டுக்கு; அங்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஓட்டல் ஆர்டரில் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசி ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் அந்தப் படிவத்தை எடுக்கச் சொன்னேன். "பக்கத்துல இல்ல டாக்டர். அடுத்த ரூம்ல மெஷின் ஓட்டிட்டிருந்தேன்" என்றேன். "இப்ப எதுக்கும்மா அது?" என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். கண்ணாடியில் கன்னத்தைப் பார்க்கும்போது இப்போது வேறு மாதிரி இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா?

குண்டூசியைப் பார்க்க வாருங்கள். ஆனால் நீங்கள் இருக்கும்போது நானும் அதே அறையில் இருப்பேன். ஆறாவது குறிப்பு உங்களுக்கும் பொருந்தும், அப்பா.

புதிய பட்டியல் ஒன்று எழுதி அனுப்புங்கள். மெஷினுக்கு மேலே இடம் காலியாக இருக்கிறது.

மகள்


ஜூலை 9

அன்பு மகளுக்கு,

குழந்தையின் கை ஆறிவிட்டதா? தழும்பு நிற்குமா? நான் நலம்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். உன் அம்மா அன்று மருத்துவமனையில் ஒரே ஒரு முறை கேட்டாள்: "நீங்க எங்க இருந்தீங்க?" பக்கத்துலதான் என்றேன். மறுபடி கேட்கவில்லை, சாகும்வரை. ஆனால் உனக்குப் பத்து வயதாகும்வரை என்னிடம் உன்னைத் தனியே விட்டுவிட்டு அவள் எங்கும் போனதில்லை. கடைக்குப் போனாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். வளர்ந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு. பிள்ளை மேல் அவ்வளவு பாசம் என்று எல்லோரிடமும் சொல்வேன். உன் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோதுதான், அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

நீ சொன்ன நிபந்தனை சரி. வருகிறேன். நீ அறையில் இரு.

புதிய பட்டியல்:

1. இந்த நிமிடம் நீ எங்கே இருக்கிறாய்?
2. அங்கிருந்து இருவரும் தெரிகிறார்களா? கேட்டால் போதாது, தெரிய வேண்டும்.
3. தெரியவில்லை என்றால் தடுப்பின் கொக்கி மாட்டியிருக்கிறதா?
4. நாய் உறுமினால் நன்றி சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கு.
5. உறுமிய நாய் உறுமுவதை நிறுத்தினால் மருத்துவரிடம் போ.
6. நாயின் இனம்.

ஆறாவதைப் பற்றி ஒரு விளக்கம். இனத்தை முழுதாக நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயம் பெரியது. அதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கடித்தால் எவ்வளவு என்பதற்கு இனம் ஓரளவு பதில் சொல்லும். கடிக்குமா என்று கேட்டால், மேலே உள்ள ஐந்தைத்தான் பார்க்க வேண்டும். இதிலும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்.

பழைய பட்டியலைக் கிழித்துவிடாதே. நம் வீட்டில் கிழித்தது போதும். புதியதற்குப் பக்கத்திலேயே ஒட்டி, குண்டூசி படிக்கும் வயது வந்ததும் இரண்டையும் காட்டு. தாத்தா எழுதியதில் ஐந்து சரி, ஒன்று தவறு என்று சொல். எது என்று கேட்பாள். தேட வைக்காதே. நானே கையெழுத்திட்டுத் தருகிறேன்: பிப்ரவரி 3 தேதியிட்ட கடிதத்தின் முதல் குறிப்பு தவறு.

அப்பா